பந்தியில் கூடிய ஏரிச் சங்கம்

முதல் கூட்டம்

2005-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புவனகிரிக்குக் கிழக்கே ஓர் ஊரில் என்னை இறக்கிவிட்டு ஜீப் போய்விட்டது. ஊரின் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் இன்றைக்கும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

சிதம்பரத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. பதவி, சமூக அமைப்பாளர். படிப்பு, பி.காம். ஏரிகளைச் சீரமைக்கிற திட்டத்துக்கு பி.காம். எதற்கு என்று இன்டர்வியூவில் நானே கேட்டுவிட்டேன். "ஏரியப் பாத்துக்க இன்ஜினியர் இருக்காரும்மா. நீங்க ஆளுங்களப் பாத்துக்கணும்" என்றார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். அவர் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பது போகப் போகத் தெரிந்தது.

சுனாமி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடலூர் மாவட்டத்தில் அப்போது எந்த ஊருக்குள் ஜீப் நுழைந்தாலும், பின்னால் பாத்திரமோ பாயோ வரும் என்று ஜனம் கூடிவிடும். என்னைச் சுற்றியும் நல்ல கூட்டம்.

"இன்னா குடுக்கப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"நாங்க ஒண்ணும் குடுக்கறதில்லைங்க. ஏரியத் தூர் வாரப் போறோம். நீங்கதான் வந்து வேலை செய்யணும்."

கூட்டம் கலைந்தது. கடைசியில் நின்றது இரண்டே பேர். ஒருவர் கலியபெருமாள். ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ளவர், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். அவருடைய சைக்கிளை நான் மறித்துக்கொண்டு நின்றதால் அவரால் போக முடியவில்லை. மற்றவர் ஆரோக்கியமேரி. காலனியில் பெண்கள் சுயஉதவிக் குழுவின் தலைவி. அவர் நிஜமாகவே கேட்பதற்காக நின்றார்.

கலியபெருமாள் பிறகு ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவரானார். ஆரோக்கியமேரி சங்கத்தில் உறுப்பினர்கூட ஆகவில்லை. ஆக முடியாது. ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் இருந்தால்தான் உறுப்பினர் என்பது விதி. காலனியில் யாருக்கும் அப்படி நிலம் இல்லை. அவர்களுடைய வீடுகள் ஏரிக்கரையின் பின்பக்கம், கரை முடிகிற இடத்திலேயே ஆரம்பிக்கின்றன. கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் அவர்கள். ஆனாலும் ஆரோக்கியமேரி எல்லாக் கூட்டத்துக்கும் வந்துவிடுவார். கதவோரம் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு முழம்

அந்த ஏரியை முதலில் பார்த்தபோது அதில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. உள்ளே முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்து வாய்க்காலில் வேலிகாத்தான் முள். காட்டாமணக்கை வெட்டினால் வெட்டின தண்டே மறுபடி வேர்விடும். பிடுங்கி, கரையேற்றி, காய வைத்துக் கொளுத்த வேண்டும். ஆரோக்கியமேரியின் குழுப் பெண்கள் இடுப்பளவு சேற்றில் நின்று அதைச் செய்தார்கள். வாய்க்காலை ஊர்க்காரர்கள் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டு வெட்டினார்கள். தூர் வாரிய மண்ணைக் கரையில் போட்டு, பனங்கொட்டை ஊன்றினோம்.

இரண்டு மழைக்காலம் போனபின் ஏரி நிரம்பியது. முக்குளிப்பான் வந்தது, நாமக்கோழி வந்தது, நத்தைகுத்தி நாரை கூட்டமாக வந்தது. பறவைகளை யாரும் அடித்துத் தின்னக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். எந்த எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். அன்று கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். தீர்மானம் செல்ல இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, கோரம் என்பார்கள். அந்தச் சங்கத்தில் கோரம் சேர்ந்து நான் பார்த்ததே இல்லை.

தண்ணீர் வந்ததும் சண்டையும் வந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் ஒரு முனையில் தாழ்வாகக் கல் கட்டியிருப்பார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். சங்கத்துக்காரர்கள் அந்தக் கலங்கல் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, ஒரு முழம் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்தினார்கள். தை மாதம் சம்பாவுக்குக் கடைசித் தண்ணீர், வாய்க்கால் முடிகிற கடைமடை வயல்கள் வரை போவது அந்த ஒரு முழத்தால்தான். அதே ஒரு முழம், ஏரிக்குள் ஓரமாக நட்டிருந்த தனசேகரின் நெல்லை மூழ்கடித்தது. ஏரிக்குள் இருக்கிற நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஆனால் நன்றாக விளையும்.

தனசேகர், தலைவர் கலியபெருமாளின் மச்சான். மனைவியின் உடன்பிறந்த தம்பி.

2007 மழையில் ஒருநாள் தனசேகர் தெருவெல்லாம் ஓடினார். "கரை ஒழுவுது! கரை ஒழுவுது!" என்று கத்திக்கொண்டே போய், அவரே மூட்டைகளைப் பிரித்துத் தள்ளிவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தால் ஒரு நண்டு வளை. அதிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்குத் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கரைக்கு ஒன்றுமில்லை. ஒரு முழம் தண்ணீர் மட்டும் கடலுக்குப் போயிருந்தது.

"தலைவர் மச்சான்னா எதுவும் செய்யலாமா?" என்று கடைமடைக்காரர்கள் கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் கலியபெருமாளே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சங்கத்தின் அனுமதி இல்லாமல் மூட்டையில் யார் கை வைத்தாலும் போலீஸில் புகார். அப்புறம் கொஞ்ச நாள் அவர் வீட்டில் அவருக்குச் சோறு வைக்கும்போது பாத்திரச் சத்தம் ஜாஸ்தியாக இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

முகூர்த்தம்

2008 கார்த்திகையில் விடாத மழை. ஏரி மூட்டை மட்டத்துக்கு நின்றது. மழை விட்ட மறுநாள் காலை, கலியபெருமாளின் மகள் சுகந்திக்குத் திருவந்திபுரம் பெருமாள் கோயில் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். சங்கத்து ஆட்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள். நான் கடலூரிலிருந்து போனேன். திருவந்திபுரத்தில் ஒரே முகூர்த்தத்தில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். நான் முதலில் வேறொரு கல்யாணத்தில் காபி குடித்துவிட்டேன்.

காலனியிலிருந்து யாரும் வரவில்லை. பத்திரிகை வைத்ததாகக் கலியபெருமாள் சொன்னார். எப்படி வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது செல்போன் அடித்தது. ஆரோக்கியமேரி.

"அக்கா, கரைக்குப் பின்பக்கம், மாதா செலை வெச்சிருக்கற எங்க கெபிக்கு மேலண்டை, அடியில ஊத்து மாதிரி கொப்பளிக்குது."

"தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

"டீ மாதிரி வருதுக்கா. மண்ண அள்ளிக்கிட்டு வருது."

எங்களுக்கு நடந்த பயிற்சிகளில் பலவற்றை மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை. கரையில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால், கரையின் உள்மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அது பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கரை உட்கார்ந்துவிடும்.

"எவ்ளோ பெருசு?"

"விடிஞ்சப்போ உள்ளங்கைக்குள்ள அடங்குச்சு. இப்ப அன்னக்கூடை வாய் அளவு இருக்கு. புள்ளைங்களயும் வயசானவங்களயும் ஸ்கூலுக்கு அனுப்பிட்டோம்."

"உடனே மூட்டைய எடுத்துடுங்க. தண்ணி மட்டம் எறங்கட்டும்."

"எடுத்துட்டு நாளைக்கு ஸ்டேஷன்ல யாரு போயி உக்கார்றது? எங்க ஆளுங்க மேல கேஸுன்னா என்ன ஏதுன்னுகூடக் கேக்க மாட்டாங்க. தலைவர வாயால சொல்லச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். இங்க எல்லாரும் காதால கேக்கணும்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. நான் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் ஓடினேன்.

கலியபெருமாள் மனைவியோடு மணவறையில் உட்கார்ந்திருந்தார். தாரை வார்க்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் எனக்கு இரண்டடி தூரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். மேடை ஓரம் குந்தி உட்கார்ந்து சொன்னேன்.

"தலைவரே, ஏரியில கலங்கலா வருதாம்."

"கலங்கல்ல வருதா? வரட்டும் மேடம். ஏரி ரொம்பிடுச்சு, நல்லதுதான" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பிக்கொண்டார்.

"கலங்கல்ல இல்லீங்க. கரையில. தண்ணி கலங்கலா வருது."

"மேடம், ஃபிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்றார் வீடியோக்காரர்.

கலியபெருமாளின் முகம் மாறியது. அவர் கேட்ட முதல் கேள்வி: "எங்க மச்சான் எங்க இருக்கான்?"

"பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்கார்."

"அப்ப யாரு சொன்னது?"

"ஆரோக்கியமேரி."

அவர் மாலையைச் சரி செய்துகொண்டார். மெதுவாகச் சொன்னார். "நான் தனியாச் சொன்னா, மச்சான் நெல்லுக்காகச் சொன்னேம்பாங்க. மெம்பருங்க அத்தினி பேரும் கீழ சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. கேட்டுட்டு வந்துடுங்க. சீக்கிரம் போங்கம்மா." மூன்று வருடத்தில் அவர் என்னை அம்மா என்றது அன்றைக்குத்தான்.

பந்தி

சங்கத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக அன்று கோரம் இருந்தது. உறுப்பினர்கள் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகவும் வழியில்லை. சாம்பார் விழுந்துவிட்டது.

இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

வடக்குத் தெரு உறுப்பினர் ஒருவர் அப்பளத்தை நொறுக்கினார். "போன வருசமும் இதத்தான சொன்னாங்க. நண்டு வளைய காட்டி ஒரு மொழம் தண்ணிய வுட்டுட்டாங்க. எங்க கடைமடை காஞ்சுது. இந்த வருசமும் வுடச் சொல்றீங்களா?"

"இது நண்டு வளை இல்லீங்க. மண்ணு வருது. பின்னாடி அத்தினி வீடு இருக்கு."

"பாத்தது யாரு? நம்ம மெம்பரா?"

"மெம்பர் இல்ல. கரைக்கு அடியில குடியிருக்கிறவங்க."

"போயி நம்ம ஆளு ஒருத்தரு பாத்துட்டு வந்து சொல்லட்டும். அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்." போய்ப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றேன். "அதுக்குள்ள பாயசம் வந்துடும்" என்றார் பக்கத்து இலைக்காரர். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோருடைய கண்ணும் தனசேகர் மேல் போனது. பெண்ணின் தாய்மாமன் என்பதால் புதுப் பட்டு வேட்டி, கையில் சாம்பார் வாளி. மூட்டையை எடுத்தால் லாபம் அவருக்குத்தான் என்று அந்தப் பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வாளியைக் கீழே வைத்தார்.

"போன வருசம் கரை ஒழுவலை" என்றார். "நண்டு வளைன்னு எனக்குத் தெரியும். என் பயிரு முழுவுதேன்னு பொய்க்குக் கத்துனேன். போதுமா? அந்தப் பொம்பளை பொய் சொல்லாது. அதுக்கு ஏரியில இன்னா இருக்கு, நெலமா நீச்சா? அது வூடு அங்க இருக்கு, அவ்ளோதான்."

பந்தியில் யாரும் மெல்லவில்லை. அவர் சொன்னதை மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டார்கள். பக்கத்து வரிசையில் அவர்கள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக வீட்டில் தம்பிக்காகப் பேசிவந்த அக்காவுக்கும் அன்று மதியத்துக்குள் செய்தி போய்விட்டது.

"மண்ணு வேணும்னா எங்க வயலு மண்ண வெட்டிக்கச் சொல்லுங்க" என்றும் சொன்னார். அந்த வயல் அப்போது தண்ணீருக்குள் இருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"மூட்டைய எடுக்கச் சம்மதம்னா கைய தூக்குங்க" என்றேன். வலது கை எச்சில் என்பதால் இடது கையைத் தூக்கினார்கள். இடது கை செல்லுமா என்று ஒருவர் கேட்டார். செல்லும் என்றேன். வடக்குத் தெருக்காரர் கடைசியாகத் தூக்கினார், பாதி உயரத்துக்கு.

நான் மேடைக்குத் திரும்பியபோது தாரை வார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, கலியபெருமாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். போனை அவர் காதருகே பிடித்தேன். தலையைச் சாய்த்துப் பேசினார்.

"மேரி, தலைவர் பேசறேன். மூட்டைய எடுங்க. எல்லாத்தயும் எடுங்க. கேஸு கீஸு ஒண்ணும் வராது, எம்பொண்ணு மேல ஆணை."

மேரி போனை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடியது பிறகுதான் தெரிந்தது. ஆட்களின் சத்தம் மட்டும் கேட்டது. கெட்டிமேளம் முழங்கியபோது நான் மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய், போனை எடுத்த யாரோ ஒரு பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தேன். "ஓட்டைய அடைக்காதீங்க! அடைச்சா வேற எடத்துல புட்டுக்கும். எடுத்த மூட்டைய ஊத்தச் சுத்திக் கெணறு மாதிரி அடுக்குங்க. உள்ள தண்ணி ஏறி நிக்கட்டும். தெளிஞ்சு வந்தா போதும்!" பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியோடு என்னைப் பார்த்தபடி நின்றார்.

கரை

தாலி கட்டியதும் நானும் தனசேகரும் உறுப்பினர்கள் சிலரும் வேனில் கிளம்பினோம். தாய்மாமன் கிளம்புவதை யாரும் தடுக்கவில்லை. சுகந்தியின் கல்யாண ஆல்பத்தில் தாய்மாமன் இல்லாத குடும்பப் படம் ஒன்று இருக்கிறது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் வயலெல்லாம் வெள்ளம். நான் அந்தக் காலனி வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன். எந்த வீட்டில் நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்றெல்லாம். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களா என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று போனை எடுத்து எடுத்துச் சிக்னல் பார்த்தேன். தனசேகர் தன் வேட்டியின் ஜரிகையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

நாங்கள் போனபோது கரை நின்றுகொண்டிருந்தது.

கலங்கலில் தண்ணீர் இரைந்து வழிந்தது. காலனி ஆண்களும் பெண்களும் மூட்டைகளைத் தலையில் வைத்துக் கரை மேல் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மாதா கெபிக்கு மேற்கே மூட்டைகளால் ஒரு வட்டம், இடுப்பு உயரத்துக்கு. நடுவில் தண்ணீர் ஏறி நின்றது. வட்டத்தைத் தாண்டி வழிந்த தண்ணீரை ஆரோக்கியமேரி கையில் ஏந்திக் காட்டினார். கைரேகை தெரிந்தது. நான் அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். படுக்கையாய்க் கிடந்தவரைக் கட்டிலோடு காலையிலேயே ஸ்கூலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

தனசேகர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கும் வரிசையில் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஆரோக்கியமேரி, "கல்யாணம் முடிஞ்சுதாண்ணே?" என்றார்.

"முடிஞ்சுது."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு தனசேகர் தலையில் இன்னொரு மூட்டையைத் தூக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு

கரை உடைந்திருந்தால் இது பேப்பரில் வந்திருக்கும். உடையாததால் வரவில்லை. தையில் கடைமடைக்குத் தண்ணீர் போதவில்லை. சிலர் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். சிலருக்குப் பதர் ஜாஸ்தி விழுந்தது. நடந்தது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள்கூட, பேச்சோடு பேச்சாக அந்த ஒரு முழத்தை ஒரு வருடம் சொல்லிக்காட்டினார்கள். தனசேகர் மறு வருடம் ஏரிக்குள் நடவில்லை. மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கடலூரில் ஒரு கம்பெனியில் அவருக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்திருந்தது.

பொங்கல் கழித்து நடந்த கூட்டத்தில் கலியபெருமாள், காலனிக் குடும்பங்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்றார். சிதம்பரத்தில் சம்பந்தப்பட்ட ஆபீஸில் போய்க் கேட்டோம். "பாசனத்துல நெலம் இருக்கா? இல்லைல்ல? அப்பறம் எப்படி மேடம் மெம்பர் ஆக்கறது? ரூல்ல எடமில்லை" என்றார் அதிகாரி. நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து சொன்னபோது ஆரோக்கியமேரி கதவோரத்திலிருந்து முதல்முறையாகக் கூட்டத்தில் பேசினார்.

"எங்களுக்கு மெம்பர் வேணாங்க. கரை கலங்கலா ஒழுவுனா மூட்டைய எடுக்க நாங்க யாரயும் கேக்க மாட்டோம். எடுத்துட்டு வந்து சொல்லுவோம். அத மட்டும் ஒத்துக்குங்க."

நீண்ட நேரம் பேசினார்கள். வடக்குத் தெருக்காரர், "அப்ப நாங்க எதுக்குச் சங்கம்னு இருக்கோம்?" என்றார். கலியபெருமாள், "தண்ணிய பங்கு போட்டுக்க. உசுரப் பங்கு போட இல்ல" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலும், சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆரோக்கியமேரி கேட்டதை ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்கார்ந்தார்.

2012-இல் அந்தத் திட்டம் முடிந்தது. அதற்குள் சேத்தியாத்தோப்பு பக்கத்திலும் சில ஏரிகளில் வேலை பார்த்துவிட்டேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம், ஊருக்குள் போனதும் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். ஏரித் தண்ணீர் யாருக்குப் பாய்கிறது என்பதை எல்லோரும் விசாரிக்கிறார்கள், அதற்குப் பட்டியல் கிடைக்கும். கரை போனால் தண்ணீர் யார் வீட்டுக்குள் முதலில் போகும் என்று கேளுங்கள். கரையின் பின்பக்கம் இறங்கிப் போய், முதல் கூட்டத்தை அங்கே போடுங்கள். உட்கார நாற்காலி இருக்காது. நின்றுகொண்டே பேசினால் கூட்டம் சீக்கிரம் முடியும்.